எந்த ஊர் தலையாட்டல்

ஊருக்குப் போகிற பஸ் சனிக்கிழமை மதியம் என் கடை வாசலில்தான் நிற்கும். பல்கேரியாவிலிருந்து வருகிறவர்களும் இங்கேதான் இறங்குவார்கள், பிழைப்பு படியாமல் திரும்புகிறவர்களும் இங்கேதான் ஏறுவார்கள். இந்த ஜெர்மன் ஊரில் எங்கள் ஆட்கள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது போலீசுக்குத் தெரிவதற்கு முன்னால் பென்காவுக்குத் தெரிந்துவிடும் என்று கேலி செய்வார்கள். பென்கா நான்தான். வெள்ளைப் பாலாடைக்கட்டி, சூரியகாந்தி விதை, மிளகாயும் தக்காளியும் போட்டுக் கிளறிய தொக்கு, இவைதான் என் வியாபாரம். கூடவே வாயையும் விற்கிறாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

வெலிச்கோ அண்ணன் வந்து இறங்கிய அன்று நல்ல மழை. ஒரு பெட்டி, ஒரு கேன் பிளம் சாராயம், தலையில் ஒரு பழைய தொப்பி. மகள் ரலித்சா குடையோடு காத்திருந்தாள். மகளைக் கண்டதும் அவர் பெட்டியை நனையும்படி கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தார். அவளோ பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்த்தாள்.

"பஸ்ல பாதிப்பேரு எங்க ஃபேக்டரிக்கு வர்றவங்கப்பா. வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம், வாங்க" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அண்ணன் விரித்த கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள் பின்னால் போனார். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பதினெட்டு வயதில் தனியாக வந்து, காய்கறி நறுக்கிப் பொட்டலம் போடும் தொழிற்சாலையில் வெங்காய வரிசையில் நின்று அழுதவள். ஜெர்மன் பேச்சைப் பஸ் நிறுத்தத்தில் நின்று கற்றுக்கொண்டாள். இன்றைக்கு ஒரு ஷிப்டுக்கே பொறுப்பாளி. அடுத்ததாக நறுக்கும் கூடம் முழுவதையும் அவளிடமே விட்டுவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. எங்கள் ஆட்களில் யாரும் அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவள் உட்காரப்போகிறாள் என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அப்பாவின் கதை வேறு. ஊரில் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் இருந்தார், அதை மூடினார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்தார். பிள்ளைகள் எல்லாம் தாய் தகப்பனோடு ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட, காவல் காக்க ஆளில்லாமல் பள்ளிக்கூடத்தையும் பூட்டிவிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? பென்ஷன் கைக்கு வர இன்னும் வருஷம் கிடக்கிறது. மகள்தான் யார் யாரையோ பிடித்து இங்கே வரவழைத்தாள். ஒரு மாதம் வேலை வாங்கிப் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம் என்று ஏற்பாடு. அந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் பென்ஷன்வரை கவலையில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். வேலைக்குப் போகும் முதல் நாள் காலையில் என் கடையில் நின்று காபி குடிக்கும்போதே போட்டாள்.

"அங்க நான் உங்க பொண்ணு இல்லப்பா. ரலின்னு கூப்பிட்டு வைக்காதீங்க. எல்லாரும் மேடம்னுதான் கூப்பிடறாங்க, நீங்களும் அப்படியே கூப்பிடுங்க."

"சரிங்க மேடம்" என்று அண்ணன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்குப் புருஷன் வீட்டுப் பெயர் என்பதால் பெயரைப் பார்த்தும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. சொந்தக்காரர்கள் ஒரே ஷிப்டில் இருக்கக்கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதோ என்று நானே இரண்டு பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான். காதில் ரோமம் வளர்ந்த, தரையைப் பார்த்து நடக்கிற இந்த மனிதர் என் அப்பா என்று தொழிற்சாலையின் வெள்ளைக் கோட்டு அதிகாரிகள் முன்னால் சொல்ல வெட்கம்.

அடுத்தது தலையாட்டல் பாடம். எங்களுக்குப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். மோவாயை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. 'இல்லை'யை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் கூடவே நாக்கை 'ச்ச்' என்று கொட்டுவோம். ஜெர்மன்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். இங்கே வந்த புதிதில் இதனால் மாட்டிக்கொள்ளாத ஆளே எங்களில் கிடையாது. ஒரு பல் டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டதற்கு நான் ஆமாம் என்று ஆட்டி, அவர் இன்னும் ஆழமாகக் குடைந்த கதையை இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வேலை முடிந்து வரும் அண்ணனுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன்.

"தொக்கு வேணுமாண்ணே?"

பக்கவாட்டில் ஆட்டினார்.

"வேணாமா? சரி" என்று புட்டியை எடுத்து உள்ளே வைத்தேன்.

"ஏய் பென்கா, வேணும்னுதானே சொன்னேன்!"

"இங்க வேணும்னா மேல கீழ. எத்தனை வாட்டி சொல்றது?"

"ஆளுக்கு விசா வேணாம்னுட்டாங்க. இப்பக் கழுத்துக்கு விசா கேக்கறாங்க" என்று சலித்துக்கொண்டே கழுத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவார். கடையில் இருக்கிற எல்லோரும் சிரிப்போம். மூன்றாவது வாரத்தில் ஓரளவு தேறிவிட்டார். நிதானமாக இருந்தால் ஜெர்மன் கழுத்து. பதறிப்போனால் பழைய கழுத்துதான். அதை ரலித்சாவிடமும் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கா" என்றாள்.

வேலையில் அவர் வேகம் போதவில்லை என்பது உண்மைதான். பம்ப் பூட்டின கை, முட்டைக்கோஸ் இலையைக் கிழிக்காமல் பிரித்துப் போடுவதற்குள் பெல்ட் நகர்ந்துவிடும். பக்கத்தில் ப்ளாமென் என்று இருபத்துநாலு வயசுப் பையன், எங்கள் நாட்டுக்காரன்தான். "தாத்தா, ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு ஓட்டுங்க" என்பானாம். எல்லோரும் சிரிப்பார்களாம். மேடமும் சிரித்தாள் என்று ப்ளாமெனே என்னிடம் சொன்னான்.

அவனுக்கு இந்த வேலை ஒரு பொருட்டே இல்லை. "இங்க ஒத்துவரலன்னா ஹாலந்து, அங்கயும் இல்லன்னா நார்வே. பையில ரெண்டு ஜீன்ஸ் இருந்தாப் போதும்க்கா" என்று விதை கொறித்துக்கொண்டே சொன்னான்.

"உனக்குச் சரிப்பா" என்றார் அண்ணன். "என்னை ஹாலந்துல யாரு இறக்கி விடுவா?"

இனிமேல் நடந்தது எல்லாம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரலித்சா என் கடையில் விதை மூட்டைமேல் உட்கார்ந்து அவளாகச் சொன்னது.

தொழிற்சாலையில் நறுக்கின கீரைகளை வைக்க ஒரு பெரிய குளிர் அறை உண்டு. அதன் கைப்பிடி இறுக்கம். கையில் சாமான் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு உள்ளே போவார்கள், வரும்போது எடுத்துவிட வேண்டும். அந்த வாரத்தில் ஒரு நாள் ஷிப்டு முடியும் நேரத்தில் ரலித்சா அப்படித் தட்டைச் சொருகிவிட்டு உள்ளே சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் ப்ரூக்மன் மாடிக்குக் கூப்பிட்டார். போனாள். அடுத்த மாதத்திலிருந்து கூடம் முழுவதும் உன் பொறுப்பு என்றார். அந்தச் சந்தோஷத்தில் படியிறங்கியவள் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். தட்டு கதவிடுக்கிலேயே இருந்தது, கதவு மூடிக்கொள்ளவில்லை. கடைசியாக அந்த ஓரத்தைப் பெருக்கிக் கழுவியவர் அவள் அப்பா. கதவைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் தொடவில்லை.

காலையில் வந்து பார்த்தால் உள்ளே இருந்த அத்தனையும் வதங்கி, பழுப்பாகித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. கடைகளுக்கு அனுப்ப ஒரு பொட்டலம்கூடத் தேறவில்லை.

ப்ரூக்மன் முரட்டு ஆள் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டால் அதோடு விஷயத்தை முடித்துவிடுகிற ரகம். கடைசியாக இங்கே இருந்தது யார் என்று கேட்டார். வெலிச்கோ என்றார்கள். அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தி, கதவைக் காட்டினார், தட்டைக் காட்டினார், தட்டைச் சொருகுவதுபோலச் செய்து காட்டினார். பிறகு விரலை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டி, "நீங்களா?" என்றார்.

அண்ணன் மோவாயை மேலும் கீழும் ஆட்டினார். இரண்டு தடவை, பலமாக.

"நல்ல மனுஷன். மறைக்காம ஒத்துக்கிட்டார்" என்றார் ப்ரூக்மன், பக்கத்தில் நின்ற ரலித்சாவிடம். "ஆனா இவரை வெச்சுக்க முடியாது. வீட்டுக்குப் போகச் சொல்லிடு."

அவள் சொன்னாள். "இன்னிக்கு வீட்டுக்குப் போயிடுங்க" என்று எங்கள் பாஷையில் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏனென்று கேட்கவில்லை. மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாராம். சாயங்காலம் இவள் வீட்டுக்கு வந்ததும், "வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, என்ன?" என்று மட்டும் கேட்டாராம். இவள் சாப்பிட வாங்கப்பா என்றாளாம்.

"பாத்தீங்களாக்கா எங்கப்பாவை" என்றாள் ரலித்சா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஜெர்மன்காரங்க மாதிரித் தலையாட்டி, பழியைத் தன்மேல போட்டுக்கிட்டாரு. நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்காகத்தான்க்கா. வீட்டுக்கு வந்தும் வயசுமேல பழியைப் போட்டு என்னைக் காப்பாத்தறாரு."

எனக்கு எங்கேயோ இடித்தது. "நாக்குச் சத்தம் கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"தலையாட்டினப்போ நாக்கைக் கொட்டினாரா, இல்லையா?"

அவள் மூட்டையிலிருந்து சிந்திக் கிடந்த விதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெஷின் சத்தம்க்கா. கவனிக்கல."

"பக்கத்துல நின்னவ கவனிக்கலையா?"

"கவனிக்கலன்னு சொல்றேன்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ப்ரூக்மன்கிட்டப் போயி, தட்டை வெச்சது நான்தான்னு சொல்லு. கூடத்தைத் தரலன்னாலும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க. அந்த மனுஷனுக்குப் போக்கிடம் இல்லடி" என்றேன்.

"அவரே ஒத்துக்கிட்டதை நான் போயி மாத்தினா, அவரு பொய் சொன்ன மாதிரி ஆயிடும்க்கா."

நல்ல நியாயம்! அப்பா மானத்தைக் காப்பாற்ற அப்பாவை ஊருக்கு அனுப்புகிறாள். மேற்கொண்டு பேசினால் கடையில் ஏதாவது உடைந்திருக்கும். அவள் போகும்போது ஒரு புட்டி தொக்கு வாங்கிக்கொண்டு போனாள். அப்பாவுக்குப் பிடிக்குமாம்.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் வந்து நின்றது. வெலிச்கோ அண்ணன் அதே பெட்டியோடு வந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆட்கள், "என்னண்ணே, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"கிழவனை வெச்சு என்ன பண்றதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊரில் இறங்கியதும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதையே சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் இப்போதே அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பயணம் போகிறவர் முன்னால் தண்ணீர் ஊற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். போகிற காரியம் தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று. நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். ரலித்சா, "நான் ஊத்தறேன்க்கா" என்று வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை பஸ் ஜன்னல்களை அவள் பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ப்ளாமென்கூட அங்கே நின்றான். பரவாயில்லையே என்று நினைத்தேன்.

"அப்பா" என்றாள். "நீங்க செஞ்சதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்ப்பா."

"நான் என்னம்மா செஞ்சேன்? ஒரு மாசம் உன் சோத்தைத் தின்னேன்."

"அந்தக் கதவு விஷயம்ப்பா. ப்ரூக்மன் கேட்டப்போ ஆமான்னு தலையாட்டினீங்களே. என்னைக் காப்பாத்தத்தானே?"

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஆமான்னா? நான் இல்லன்னுதானே சொன்னேன்?"

ரலித்சாவின் கை அவர் கையிலிருந்து நழுவியது.

"இல்லன்னுதான் சொன்னேன்" என்றார் மறுபடியும். மோவாயை மேலும் கீழும் ஆட்டி, நாக்கை 'ச்ச்' என்று கொட்டிக் காட்டினார். "இப்படி. அந்த ஆளு திடீர்னு விரலை நீட்டினதும் பதறிட்டேன். ஆனா இல்லன்னுதான்..." பாதியில் நிறுத்தினார். மேலங்கியைக் கழற்றிய அந்தக் காலை வேளை இப்போதுதான் அவருக்கு அர்த்தமாயிற்று. "அப்ப, வயசாயிடுச்சுன்னு அனுப்பலையா? நான் கதவைத் திறந்து போட்டேன்னு அனுப்பினாங்களா?"

டிரைவர் ஹாரன் அடித்தான். ப்ளாமென் கையில் விதை அப்படியே இருந்தது.

"அந்தத் தட்டை யாரும்மா வெச்சது?"

அவள் கையிலிருந்த செம்பையே பார்த்தாள். அவருக்கும் பதில் வேண்டியிருக்கவில்லை. வேறொன்றைக் கேட்டார், குரலை உயர்த்தாமல்.

"நான் இல்லன்னு சொன்னது அந்த ஆளுக்குப் புரியாது, சரி. உனக்குப் புரிஞ்சுதா?"

ரலித்சா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். எங்கள் ஊர் ஆமாம். பதினொரு வருஷம் ஜெர்மனியில் இருந்தும் அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது அதுதான்.

நான் தரையைப் பார்த்தேன். அங்கே நின்ற எல்லோருமே தரையைத்தான் பார்த்தோம். அப்படி ஒரு வெட்கம், என்னவோ நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி.

அண்ணன் குனிந்து பெட்டியை எடுத்தார். தொப்பியைக் கழற்றி, முதல் நாள் காபி குடிக்கும்போது குனிந்தாரே, அதே மாதிரி லேசாகக் குனிந்தார். இந்தத் தடவை விளையாட்டு இல்லை.

"நீங்க என் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தீங்க, மேடம்?" என்றார்.

பஸ்ஸில் ஏறினார். எங்களுக்கு மறுபக்க ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். கதவு மூடிக்கொண்டது.

பஸ் திருப்பத்தைத் தாண்டும்வரை ரலித்சா அப்படியே நின்றாள். செம்பில் தண்ணீர் குறையாமல் இருந்தது. நான் வாங்கி ஊற்றியிருக்கலாம். நான் கையை நீட்டவில்லை.